பூஜையிலிருந்து எடுக்காமல் விட்ட ஆள்

முதலில் வந்தது சத்தம்தான். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று சொல்லி மின்வாரியத்தார் காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்துவார்கள். அப்போது எங்கள் கிரைண்டர் கம்பெனியில் லேத் நிற்கும், கல் கொத்தும் மெஷின் நிற்கும், பெயிண்ட் ஊதும் கம்ப்ரஸர் ஒரு பெருமூச்சு விட்டு நிற்கும், பேக்கிங் பக்கத்து ரேடியோ பாதிச் சொல்லில் வாயை மூடும், கடைசியில் கூரைக் காற்றாடிகள் ஒவ்வொன்றாக மனசில்லாமல் நிற்கும். அந்த ஐப்பசியில் எல்லாம் நின்ற பிறகும் ஒன்று நிற்கவில்லை. ம்ம்ம்ம் என்று, ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல், மாவு போடாத நல்ல கிரைண்டர் ஒன்று எங்கோ தனியாகச் சுற்றிக்கொண்டிருப்பது போலக் கேட்டது.

நான் ராத்திரி வாட்ச்மேன். காலை எட்டு மணிக்கு என் டூட்டி முடியும். ஆனால் என்னை மாற்ற வரும் ஆள் எந்நாளும் பத்துக்கு முன்னால் வந்ததில்லை என்பதால், கம்பெனியில் பகலில் நடக்கிற பாதி விஷயங்களை நான் தூக்கக் கண்ணோடு பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் கேட்டில் நின்றுகொண்டுதான் அதைக் கேட்டேன்.

"கரண்டே இல்லாம எது ஓடுதுன்னு மொதல்ல கண்டுபுடிங்கப்பா" என்றார் எலக்ட்ரீஷியன் கபூர் பாய். "லைன்மேன் காதுல விழுந்தா அதுக்கும் ஒரு மீட்டர் மாட்டிருவான்."

தேடுவதற்கு ஏற்ற ஆள் அங்கப்பன் அண்ணன்தான். இருபத்திரண்டு வருஷமாக டெஸ்டிங் மேஜையில் நிற்பவர். மஞ்சள் பிடி போட்ட நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை ஓடுகிற கிரைண்டரின் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக் கேட்பார். உள்ளே குண்டு தேய்ந்திருந்தாலும், கல் ஒரு நூலளவு சாய்ந்திருந்தாலும் அவர் காது சொல்லிவிடும். சரியாக இருந்தால் அடியில் சாக்பீஸால் ஒரு டிக். சத்தமே போடாத கிரைண்டர் என்று எங்கள் சரக்குக்கு மதுரை வரைக்கும் பேர். அந்தப் பேர் முதலாளிக்கும் பேரிங் விற்றவனுக்கும் போனது. அந்த டிக் யார் போட்டது என்று எந்த ஊரிலும் எவரும் கேட்டதில்லை.

அவர் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மெஷினாகப் போனார். லேத்தில் வைத்துக் கேட்டு "இதுலதான் வருது" என்றார். கம்ப்ரஸரில் வைத்து "இதுலயும் வருது" என்றார். அறுபத்து மூன்று மெஷினிலும் வருகிறது என்று அவர் முகம் வெளுத்து நின்றபோது, பேக்கிங் மயிலாத்தாள் கையிலிருந்த அட்டைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணா, நீங்க போற பக்கமெல்லாம் அதுவும் கூடவே வருதுங்களே."

கபூர் பாய் ஸ்குரூ டிரைவரை வாங்கி, முனையை அங்கப்பன் அண்ணனின் நெஞ்சில், சட்டைப் பைக்குள் மகள் கல்யாணப் பத்திரிகைக் கட்டு துருத்திக்கொண்டிருந்த இடத்துக்குச் சற்று மேலே வைத்தார். காதைக் கொடுத்தார். நாங்கள் நாற்பத்தோரு பேரும் மூச்சை அடக்கினோம்.

"பேரிங் சுத்தமா இருக்குது" என்றார் பாய்.

யாரும் அலறவில்லை. எங்கள் கம்பெனியில் எதுவும் ஓடாமல் நின்றால்தான் அலறுவோம், ஓடினால் அல்ல. லேத்காரர் ஒருவர் எத்தனை ஹெச்.பி. இருக்கும் என்று கேட்டார். அரை இருக்கும் என்று ஒருவரும், டீ குடித்த பிறகு முக்கால் என்று ஒருவரும் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் நான் அவர் நெற்றியைக் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

நெற்றியில் மூன்று விரல் சந்தனமும் நடுவில் குங்குமமும், வைத்த ஈரம் காயாதது போல் இருந்தன. மகள் கல்யாணத்துக்காக ஏதோ வேண்டுதல் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். வேண்டுதல் இல்லை, நான் வைத்தது. ஆயுத பூஜை அன்றைக்கு ராத்திரி டூட்டி முடிந்து குழாயடியில் குளித்துவிட்டு நின்ற என்னைக் கூப்பிட்டு, நீதான் சுத்தமாக இருக்கிறாய் என்று சந்தனக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தார்கள். நானும் எரியும் கண்ணோடு வரிசையாக வைத்துக்கொண்டே போனேன். அறுபத்து மூன்று மெஷின். வைத்து முடித்தபோது எண்ணிக்கை அறுபத்து நான்கு வந்தது. எங்கோ தப்பாக எண்ணிவிட்டேன் என்று விட்டுவிட்டேன். டெஸ்டிங் மேஜையில், கண்ணை மூடி, காதைக் கிரைண்டரில் வைத்து, அசையாமல் நின்றிருந்தவரை நான் மேஜையோடு சேர்ந்த ஒன்றாகவே பார்த்திருக்கிறேன். சந்தனம் வைத்திருக்கிறேன், பூச்சரம் போட்டிருக்கிறேன், பொரி தூவியிருக்கிறேன், பூசாரி பின்னாலேயே வந்து கற்பூரம் காட்டி மணி அடித்திருக்கிறார்.

"நீங்க சொல்லியிருக்கலாமேங்கண்ணா" என்றேன்.

"எப்படிச் சொல்றது கிட்ணா?" என்றார். "நகர்ந்தா பூஜை கெட்டுப் போகும்னு நின்னுட்டேன். அதுவுமில்லாம..." நெற்றிச் சந்தனத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இத்தனை வருசத்துல எனக்கு ஒருத்தரும் ஒண்ணும் வெச்சதில்ல. வெக்கறாங்களே, வெக்கட்டும்னு இருந்துட்டேன்."

அதோடு போயிருக்கும். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிக்கு எடுத்துத் தொடங்க வேண்டும். புஸ்தகமென்றால் ஒரு பக்கம் படிக்க வேண்டும், கத்தரியென்றால் ஒரு துண்டு வெட்ட வேண்டும், மெஷினென்றால் ஒரு நிமிஷம் ஓட்ட வேண்டும். அறுபத்து மூன்றையும் அப்படி எடுத்துவிட்டார்கள். அவரை எடுக்கவில்லை. அன்றைக்கு அவர் இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக விஜயதசமிக்கு லீவு போட்டு, மகள் கோகிலவாணிக்குத் தேதி குறிக்க அவினாசிக்குப் போயிருந்தார். கார்த்திகை பத்து, புதன்கிழமை என்று குறித்துக்கொண்டு வந்தவர் பூஜைக்குள்ளேயே நின்றுபோனார்.

முதலாளி நாச்சிமுத்து வந்தார். சுற்றி ஒரு நடை நடந்தார்.

"ஓடுதா?"

"ஓடுதுங்க."

"சத்தம்?"

"சுத்தமுங்க."

"அப்புறம் ஏம்ப்பா கூட்டம்? ஓடறதை எதுக்கு நிறுத்தறீங்க? பாய், சர்வீஸ் அட்டை மாட்டி உடுங்க."

இந்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் ஆளுக்கு ஒரு அட்டை, மெஷினுக்கு ஒரு அட்டை. ஆள் அட்டை கேட்டில் இருக்கும். அதில் வந்த நேரம், போன நேரம், வராத நாளுக்கு ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். மெஷின் அட்டை மெஷின் கழுத்திலேயே தொங்கும். அதில் சத்தம் எப்படி, சூடு உண்டா, அதிர்வு உண்டா, எண்ணெய் போட்டு எத்தனை நாள், ஓய்வு கொடுத்ததா, கடைசியில் குறிப்பு என்று ஆறு கட்டம். அந்த அட்டையைச் சணலில் கோத்துக் கபூர் பாய் அங்கப்பன் அண்ணன் கழுத்தில் மாட்டினார். மறுநாளிலிருந்து தினம் காலையில் அவர் முன்னால் போய் நின்று, புறங்கையால் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "சூடு இருக்குதுங்களாண்ணா? எங்காவது அதிருதா? ராத்திரி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டு எழுத ஆரம்பித்தார். பத்து நாளைக்கொரு தடவை உச்சியில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கால்மணி ஓய்வு, காற்றாடிக்குக் கீழே. சாயங்காலம் தூசி படாமல் இருக்கத் துணி உறை.

"நானும் பதினாலு வருசமா பொட்டி தூக்கறேன்" என்றாள் மயிலாத்தாள். "இடுப்பு உட்டுப்போயி நான் நடக்கறது இந்தச் சுவத்துக்கே தெரியும். ஒரு நாளைக்கி ஒருத்தரு, 'மயிலு, எங்காவது அதிருதா'ன்னு கேட்டிருப்பீங்களா?"

"நீ மெஷின் இல்லையே அம்மிணி" என்றார் பாய்.

"அதத்தான் நானும் சொல்றேன்."

ஆள்களைப் பாராட்ட எங்கள் கம்பெனி முயலவே இல்லை என்று சொன்னால் அது பொய். முதலாளியின் மகன் தீபன் பெங்களூரில் ஒரு வாரப் பயிற்சிக்குப் போய்விட்டு, ஆனி மாதமே நல்ல பணிச்சூழல் என்ற ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஆபீஸ் சுவரில் இந்த மாதத்தின் சிறந்த பணியாளர் என்று பெரிய கண்ணாடிச் சட்டம், சுற்றி மினுக்கும் சீரியல் விளக்கு, கீழே ஊதுபத்தி நிறத்தில் ஒரு பலகை. ஆனால் முதல் மாதம் யாரை வைப்பது என்று தீராமல், யாரும் குறை சொல்லாத ஆளாக இருக்கட்டும் என்று செத்துப்போன பெரிய முதலாளியின் படத்தை வைத்தார்கள். படமென்றால் மாலை வேண்டும் என்று மாலை போட்டார்கள். அதோடு அந்தச் சட்டம் முடிந்தது. இரண்டாம் மாதம் லேத்காரர் படத்தை மாட்டப்போனபோது அவர் மனைவி கேட்டில் வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மூன்றாம் மாதம் யாரைப் பார்த்து நன்றாக வேலை செய்கிறாய் என்று தீபன் சிரித்தாலும், அந்த ஆள் அன்றைக்கே வேண்டுமென்று ஒரு தப்பு செய்தான். கடைசியில் தீபன் போட்டோ எடுக்கும் போனைத் தூக்கினாலே ஷெட் காலியாகும் என்ற நிலை.

அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சணல் அட்டை செய்த வேலையைப் பாருங்கள். ஒரு வாரத்துக்குள் ஆள்கள் வீட்டிலிருந்தே சந்தனம் குழைத்து நெற்றியில் வைத்துக்கொண்டு வந்து மெஷினோடு மெஷினாக அசையாமல் நிற்கத் தொடங்கினார்கள். பாய் வருகிற நேரம் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருவருக்கும் உள்ளே ஓடவில்லை. மயிலாத்தாள் மட்டும் வாயை மூடி ம்ம்ம்ம் என்றாள். பாய் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "இது மோட்டார் இல்ல அம்மிணி, இதுல ராகம் வருது" என்று போய்விட்டார். பெயிண்ட் அடிக்கும் இருவர் எங்களையும் மெஷினாகச் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். முதலாளி அதைப் படித்து, மெஷினாக இருந்தால் தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் கிடையாது, சம்மதமா என்று கேட்டார். இருவரும் ஒரு ராத்திரி யோசித்துவிட்டு வந்து சம்மதம் என்றார்கள். முதலாளி அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை என்று ஆபீஸ் டிரைவர் சொன்னான்.

அங்கப்பன் அண்ணன் முதல் வாரம் வீட்டுக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தார். சைக்கிளில் அவர் ம்ம்ம்ம் என்று போகும்போது பின்னால் வருகிற லாரிக்காரன் மொபெட் என்று நினைத்து ஒதுங்குவான். இரண்டாம் வாரம் சாப்பாட்டு வாளியைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோனார். மூன்றாம் வாரம் போவதையும் நிறுத்திவிட்டார். சாயங்காலம் துணி உறையைத் தானே போர்த்திக்கொண்டு டெஸ்டிங் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். கார்த்திகை பிறந்து முகூர்த்தக் காலம் ஆரம்பித்து, சீர்வரிசைக்குக் கிரைண்டர் வேண்டுமென்று கடைக்காரர்கள் போன் மேல் போன் போட்ட நேரம் அது. எத்தனையோ வீட்டுப் பெண்களின் சீர்க் கிரைண்டருக்கு அவர் டிக் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் மகள் பத்திரிகைக் கட்டு மட்டும் சட்டைப் பையிலேயே மடங்கிக் கிடந்தது.

விடியற்காலம் அவர் உறையை எடுக்கிறபோது ஒரு நாள் கேட்டேன். "அண்ணா, பொண்ணு கல்யாணத்துக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்குது. நீங்க இங்கயே நின்னா எப்படீங்க?"

"போகோணும்" என்றார். மெஷின் சொல்வது போலத்தான் சொன்னார், ஏற்ற இறக்கம் இல்லாமல். "ஆனா பாய் எட்டு மணிக்கு வருவாரு, கிட்ணா. தொட்டுப் பார்ப்பாரு."

இருபது வருஷம் ராத்திரியெல்லாம் விழித்திருந்து, காலையில் நான் ஒருத்தன் இருந்தேன் என்பதற்கு அடையாளமாக எதுவும் திருட்டுப்போகாமல் இருப்பதை மட்டும் காட்டிவிட்டுப் போகிற ஆள் நான்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கப்பன் அண்ணனின் மனைவி வேலாத்தாள் கேட்டுக்கு வந்தார். ஆர்டர் நெருக்கடி என்பதால் அன்றைக்கும் ஷெட் ஓடிக்கொண்டிருந்தது. கையில் ஒயர் கூடை, அதில் சந்தையில் வாங்கிய ஒரு பெரிய கட்டு முருங்கைக் கீரை. அழவில்லை. "எங்கூட்டுக்காரரைக் கூட்டியாங்க தம்பி" என்றார். "பந்தக்கால் நட ஆளில்லாம நிக்குது."

இங்கேதான் என் கையிலிருந்த புஸ்தகம் குறுக்கே வந்தது. கேட்டில் இரண்டு பாஸ் புஸ்தகம் உண்டு. பச்சை, வெளியே போய்த் திரும்பி வருகிற சாமானுக்கு. வெள்ளை, திரும்பி வராத சாமானுக்கு. கழுத்தில் சர்வீஸ் அட்டை தொங்குகிற எதுவும் இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் கேட்டைத் தாண்டக்கூடாது. எந்தப் புஸ்தகத்தில் எழுத என்று கேட்டு முதலாளிக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வந்தார், தீபன் வந்தார், பாய் வந்தார், பின்னாலேயே ஷெட் முழுக்க வந்தது. நடுவில் ம்ம்ம்ம் என்று அங்கப்பன் அண்ணன் வந்து நின்றார்.

"பச்சையில எழுது" என்றார் முதலாளி.

"எங்கூட்டுக்காரரு என்ன வாடகைப் பாத்திரமுங்களா, திருப்பிக் கொண்டாந்து குடுக்க?" என்றார் வேலாத்தாள்.

முதலாளிக்கு முகம் சுண்டியது. வெள்ளையில் எழுதச் சொல்லவும் மனசு வரவில்லை. அப்போதுதான் நான், இத்தனை நாள் தொண்டையில் வைத்திருந்ததை எல்லோர் முன்னாலும் சொன்னேன்: தப்பு என்னுடையது, இவரை மெஷின் என்று நினைத்துச் சந்தனம் வைத்தது நான், விஜயதசமிக்கு இவரை எடுத்துத் தொடங்கவில்லை, இப்போதாவது எடுத்துவிட்டால் ஆள் ஆகிவிடுவார்.

"சரி, எடுத்துடலாம்" என்றார் முதலாளி. "எப்படி எடுக்கறது?"

யாருக்கும் தெரியவில்லை. புஸ்தகத்தைப் படிக்க வேண்டும், கத்தரியால் வெட்ட வேண்டும்; ஆளை என்ன செய்ய வேண்டும்? வேலை வாங்க வேண்டும் என்றார் லேத்காரர்; தினம் வாங்கிக்கொண்டுதானே இருக்கிறோம் என்றார் பாய். ஓய்வு கொடுக்க வேண்டும் என்றார் ஒருவர். அதுவும் அட்டைப்படி கொடுத்தாயிற்று. தீபன் முன்னால் வந்து, எல்லோரும் வட்டமாக நின்று கை தட்டலாம் என்றார். தட்டினோம். நாற்பது பேர் தட்டினோம். அங்கப்பன் அண்ணன் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, அந்தத் தட்டலைக் கேட்டார். பிறகு, "ரெண்டு பேரு தட்டலீங்க" என்றார். ம்ம்ம்ம் அப்படியே இருந்தது. தட்டாத இருவரும் பெயிண்ட்காரர்கள்.

"நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கப்பா" என்று தீபன் கெஞ்சினார். முதலாளி தொண்டையைக் கனைத்தார். இருபத்திரண்டு வருஷத்து வார்த்தை ஒன்று அவர் கழுத்து வரை வந்து நின்றதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். "அங்கப்பா" என்றார். "நீ... இந்தக் கம்பெனிக்கு..." என்றார். பிறகு பாயைப் பார்த்து, "எண்ணெய் கடைசியா எப்பப் போட்டது?" என்றார்.

வேலாத்தாள் அதுவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேக்கிங் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு செய்தித்தாளை விரித்து, கீரைக் கட்டைப் பிரித்தார். உருவ ஆரம்பித்தார். நன்றாக வரவில்லை, இலையோடு ஈர்க்கும் காம்பும் சேர்ந்து பிய்ந்து விழுந்தன.

"ஏனம்மிணி, இங்கயா?" என்றாள் மயிலாத்தாள்.

"ஊட்டுல உக்காந்தா கண்ணாலத்துக்கு வந்த ஒறம்பரைக்காரங்க கேக்கறாங்க, அவரெங்கே அவரெங்கேன்னு. இங்கயாச்சும் அவரு கண்ணுக்கு முன்னால இருக்காரு." இன்னொரு கொத்தை எடுத்தார். "எனக்கு இது வர்றதில்ல. எங்கூட்டுல கீரை உருவறது இவருதான். கண்ணாலமானதுல இருந்து இவருதான். ஒரு காம்பு இருக்காது, ஒரு பழுப்பு இருக்காது. இந்த மூணு வாரமா, ஊட்டுக்கு வந்த நாள்லயும் இவரு கீரையத் தொடல, நான் உருவிப் பொரிச்சு வெக்கறேன். எங்க கோகிலா ஒரு வாய் வெச்சுட்டு வட்டலைத் தள்ளிடறா. 'இது அப்பா உருவுனதில்லையேம்மா'ங்கறா. நான் ஒண்ணுமே சொல்லலீங்க. வாயில வெச்சதும் தெரிஞ்சு போச்சு அவளுக்கு." தலையைத் தூக்கவில்லை. "புதங்கெழமை அடுத்தவங்க ஊட்டுக்குப் போயிருவா. அதுக்குள்ள ஒரு வேளையாச்சும் ஒழுங்கான கீரை திங்கட்டும்னு ஒரு கட்டு வாங்கியாந்தேன். நானே உருவி நாசம் பண்றேன்."

அங்கப்பன் அண்ணன் குனிந்து அந்தச் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாய்ந்த கல்லைக் கேட்கும்போது அவர் முகம் எப்படிச் சுளிக்குமோ அப்படிச் சுளித்தது.

"அப்படி இழுக்கக் கூடாது புள்ள" என்றார்.

"பின்ன எப்படி இழுக்கறது?"

"நுனியைப் புடி. கீழ பாத்து உருவு. நீ தலைகீழா உருவற."

"எனக்குத் தெரியாது சாமி. தெரிஞ்சவங்க உருவுங்க."

அவர் உட்கார்ந்தார். கழுத்து அட்டை குறுக்கே தொங்கியது; அதைத் தூக்கி முதுகுப் பக்கம் போட்டுக்கொண்டார். ஒரு கொத்தை எடுத்து, நுனியைப் பிடித்து, இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு ஒரே இழுப்பு. இலை மட்டும் பொலபொலவென்று தாளில் விழுந்தது, காம்பு வெறுமையாக அவர் கையில் நின்றது. இன்னொன்று. இன்னொன்று. நாங்கள் வேலைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். கட்டு பாதி தீர்ந்த பிறகு மயிலாத்தாள் என் கையைக் கிள்ளினாள். எப்போது நின்றது என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது. ஷெட்டிலிருந்து லேத் சத்தம் வந்தது, ரேடியோ வந்தது, ரோட்டில் பஸ் வந்தது. அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நெற்றியில் வேர்த்து, சந்தனம் கரைந்து, ஒரு கோடாக மூக்கு வரை இறங்கியது. அதைத் தோளால் துடைத்துக்கொண்டார்.

கபூர் பாய் பழக்க தோஷத்தில் புறங்கையை அவர் கழுத்தில் வைத்தார். "சூடு இருக்குதுங்களாண்ணா?"

"இடுப்பு வலிக்குது பாய்" என்றார் அங்கப்பன் அண்ணன். "ரெண்டு வருசமா வலிக்குது."

பாய் அதை அட்டையின் குறிப்புக் கட்டத்தில் எழுதிவிட்டு, அட்டையைக் கழற்றவா வேண்டாமா என்று முதலாளியைப் பார்த்தார். முதலாளி பாயைப் பார்க்கவில்லை. அவர் கீரையைப் பார்த்துக்கொண்டு, மறுபடி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மறுபடி அந்த வார்த்தைக்கு வாயைத் திறந்தார்.

"லீவு எத்தனை நாள் அங்கப்பா?"

"நாலு நாளுங்க."

"அஞ்சு எடுத்துக்க."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. திரும்பி ஆபீஸ் பக்கம் நடந்தார். பாதி வழியில் மயிலாத்தாளிடம் நின்று, அவள் இடுப்பைக் கையால் காட்டி ஏதோ கேட்டார் போலிருக்கிறது, ஏனென்றால் அவள் அன்று முழுக்க ஒரு பெட்டியும் தூக்காமல் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பச்சைப் புஸ்தகத்தையும் வெள்ளைப் புஸ்தகத்தையும் மேஜை இழுப்பறைக்குள் தள்ளி மூடினேன். என்னை மாற்ற வேண்டிய ஆள் அன்றைக்கும் வரவில்லை.

சட்டைப் பையிலிருந்து பத்திரிகைக் கட்டை எடுத்து, மேலாக இருந்த ஒன்றை மடிப்பு நீவி என்னிடம் நீட்டினார் அங்கப்பன் அண்ணன். "கண்டிப்பா வந்துரோணும் கிட்ணா. தூங்கிப் போயிராதே."

"வந்தர்றேனுங்கண்ணா" என்றேன்.

கை பசையாக இருந்தது அவருக்கு. வேட்டியில் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த கொத்தில் பழுப்பிலை இரண்டைக் கிள்ளி எறிந்துவிட்டு, நுனியைப் பிடித்து உருவ ஆரம்பித்தார்.